மாடியில் காயும் மஞ்சள் படங்கள்

காலை பத்து மணிக்கே தளத்தில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. பங்குனி வெயில். ஈரோடு கருங்கல்பாளையத்தில், காவிரியிலிருந்து சில தெருக்கள் தள்ளி ஒரு வீட்டு மொட்டை மாடி. ஒரு பக்கம் பழைய சேலையில் அம்மா பிழிந்துவிட்ட கூழ்வடகம் காய்கிறது. மறுபக்கம், கைப்பிடிச் சுவரை ஒட்டி, மகனின் கண்ணாடிச் சட்டங்கள் வானம் பார்த்துக் கிடக்கின்றன. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் பளீரென்ற மஞ்சள் தாள், அதன்மேல் கறுப்பில் அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் தாள். ஒன்றில் மூட்டை சுமக்கும் ஒருவரின் முகம் தெரிகிறது என்று குனிந்தேன்.

"நிழல் விழுதுங்கண்ணா, இப்படி வாங்க" என்று தோளைத் தொட்டு என்னை நகர்த்தினார் அந்தத் தம்பி.

மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். பெயர் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். செல்பேசியும், யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவும்தான் கருவிகள். படம் எடுக்க யாரிடமும் போய்ப் படித்தவர் அல்ல. படத்தைக் காகிதத்தில் இறக்குவதற்கு அவர் கண்டுகொண்ட மருந்து, தினமும் மண்டியில் மூட்டை மூட்டையாகக் கண்ணெதிரே வந்து போகும் சரக்கு. ஏலத்துக்கு முன் வியாபாரிகள் மாதிரிக்கு வைத்த மஞ்சளை ஒடித்து, உள்நிறம் பார்த்துவிட்டுப் போடுவார்கள். அந்த ஒடிந்த விரலிகளைக் கேட்டு வாங்கி வந்து வீட்டு மிக்சியில் அரைக்கிறார். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சளை இப்படியும் பயன்படுத்தலாம் என்று விண்ணப்பம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இணையத்தில் அழகான படங்களுக்குப் பஞ்சமில்லை. இவருடைய ஃபிளிக்கர் பக்கத்தில் என்னை நிறுத்தியவை படங்களுக்குக் கீழே இருந்த குறிப்புகள். 'விரலி, வீட்டில் அரைத்தது. இரண்டு பூச்சு. பத்தரை மணி முதல் ஒன்றரை வரை. நடுவில் கொஞ்ச நேரம் மேகம். நெற்றி வெளுத்துவிட்டது, அடுத்த முறை பிலிம் தாளை இரட்டையாக வைத்துப் பார்க்க வேண்டும்.' இந்த மாதிரி ஒரு பத்தி எல்லாப் படத்துக்கும் உண்டு. தேறிய படத்தின் பக்கத்திலேயே தேறாததும் இருக்கும், அதே அக்கறையுடன் எழுதிய குறிப்போடு. அதைப் படித்த பிறகுதான் ஈரோட்டுக்கு வண்டி ஏறினேன்.

கீழே வேலை நடக்கும் அறையைக் காட்டினார். இருட்டறை தேவையில்லை. ஜன்னலைச் சாத்தித் திரை போட்டால் போதும். கண்ணாடிப் புட்டியில் மஞ்சள்தூளைப் போட்டு, மருந்துக் கடையில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றிக் குலுக்கி வைக்கிறார். தண்ணீரில் கலக்கினால் தூள் மிதந்து அடியில் தங்குமே தவிர நிறம் சரியாக இறங்காது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். கொஞ்ச நேரம் தெளியவிட்டு, நைந்த வேட்டித் துணியில் வடித்தால் ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் சாறு. அதைப் பட்டைத் தூரிகையால், வாட்டர் கலர் ஓவியத்துக்கான தடித்த தாளில் ஒரு முறை குறுக்கே, ஒரு முறை நெடுக்கே பூசி நிழலில் உலர்த்துகிறார். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் சமையலறைப் பக்கமே இந்தப் புட்டி போகாது. இந்த எச்சரிக்கையும் அவருடைய குறிப்புகளில் தவறாமல் இருக்கிறது.

மோர் கொண்டுவந்த அம்மாவிடம், இவர் செய்வது உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டேன். "இதுல என்னங்க தம்பி இருக்குது? வெள்ளை வேட்டில மஞ்சக்கறை பட்டா சோப்புப் போட்டதும் செவந்துரும். அலசி வெயில்ல போட்டா கறை தானா போயிரும். இவன் கறைய வேணுங்கற எடத்துல விட்டுட்டு, வேண்டாத எடத்துல போக்கடிக்கறான்" என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. குர்குமின் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்வதால்தான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கிய ஒளியே அதன் மூலக்கூறைச் சிதைக்கவும் செய்கிறது, நிறம் போகிறது. மேலே கறுப்பு மறைத்த இடத்தில் மஞ்சள் தங்கும், மறைக்காத இடம் வெளுக்கும். அதனால் இதற்கு நெகட்டிவ் வேண்டியதில்லை. நேர்படத்தையே ஜெராக்ஸ் கடையில் ஒளி ஊடுருவும் தாளில் அச்சடித்து வைத்தால் நேர்படமே கிடைக்கும்.

தாவரச் சாற்றில் படம் பிடிக்கும் இந்த முறையை 1842-ல் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல். வானியலாளர். நீல நிறப் படங்களைத் தரும் சயனோடைப் முறையும் அதே ஆண்டில் அவர் கண்டதுதான். பூக்களின் சாற்றைப் பிழிந்து தாளில் பூசி, வெயிலில் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். ஆந்தோடைப் என்று இதற்குப் பெயர். பழைய ஸ்டூடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த 'ஹைப்போ' இருக்கிறதே, வெள்ளி உப்புப் படங்களை அழியாமல் நிலைநிறுத்தும் அந்த மருந்தின் குணத்தைக் கண்டு சொன்னவரும் அவர்தான். புகைப்படக் கலைக்கே நிலைப்பைக் கொடுத்தவரால் பூச்சாற்றுப் படங்களை நிலைக்க வைக்க முடியவில்லை. இன்றுவரை அதற்கு முழுமையான மருந்து கிடையாது. ஒளியில் பிறந்த படம், ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் மறைந்துபோகும். ஹெர்ஷல் கைவிட்ட இடத்தில், ஈரோட்டில் ஒரு கணக்கர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அவர் வைத்திருக்கும் நோட்டு, மண்டியில் பயன்படுத்தும் அதே நீளக் கணக்கு நோட்டுதான். வரவு செலவுக் கோடுகளுக்கு நடுவே மஞ்சள் பட்டைகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு நீளத் தாளில் சாறு பூசி, அட்டையால் மூடி, அரை மணிக்கு ஒரு முறை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த பட்டைகள். ஒன்றில் முதல் படி வெறும் மங்கல், ஆறாம் படியில் கிட்டத்தட்ட தாளின் வெள்ளை. அதற்குமேல் வைத்தால் என்ன நடக்கும் என்று நாள் முழுக்க விட்ட ஒரு படமும் இருக்கிறது. ஜெராக்ஸ் மை முழுக் கறுப்பு இல்லை; அதன் வழியாகவும் வெளிச்சம் கசிந்து நிழற்பகுதிகளும் வெளுத்துவிட்டன. ஒரே படத்தை இரண்டு தாளில் அடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் யோசனை அங்கிருந்துதான் வந்தது. பொருத்தம் ஒரு நூல் விலகினாலும் கண்ணிமை இரட்டையாகத் தெரியும். விளக்கு மேசைக்குப் பதில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்துச் சேர்க்கிறார்.

பீட்ரூட், பசலைக்கீரை, செம்பருத்தி எல்லாவற்றையும் முயன்றிருக்கிறார். அவை நாட்கணக்கில் வெயில் கேட்கின்றன. சிலவற்றுக்கு வாரங்களே ஆகும். மஞ்சள் சில மணி நேரத்தில் படம் கொடுத்துவிடுகிறது. கேமராவே இல்லாமல் எடுத்தவையும் உண்டு. முருங்கை இணுக்கை நேராகத் தாள்மேல் வைத்து அழுத்தி எடுத்தது ஒன்று. தறியில் கழித்துப் போட்ட தளர்வான வலைத்துணியை விரித்து எடுத்தது இன்னொன்று. ஊடும் பாவும் இழை இழையாக விழுந்திருக்கிறது, ஓரிடத்தில் அறுந்த நூலின் முடிச்சுகூடத் தெரிகிறது. துணி நெய்யும் ஊரின் படம் என்று எதையாவது நான் ஒருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன்.

மதியம் ஒன்றரைக்கு முதல் சட்டத்தைத் திறந்தார். வெளிறிய மஞ்சளில் இன்னும் கொஞ்சம் அடர்ந்த மஞ்சளாக ஒரு முகம். அவ்வளவுதான், எதிர்பார்ப்போடு வந்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அடுத்ததாக, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெண்காரத்தை வெந்நீரில் கரைத்து ஆறவைத்த தட்டில் தாளை மெல்லச் சரித்து இறக்கினார். நீர் தொட்ட கோட்டிலிருந்து செம்பழுப்பு ஏறியது. புருவம், மீசை, தலையில் கட்டிய துண்டின் மடிப்பு, கன்னத்து வரி என்று ஒவ்வொன்றாக இருண்டு எழுந்தன. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பது போன்ற வேதியியல்தான் இதுவும். காரம் பட்டதும் குர்குமின் நிறம் மாறுகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரிலும் முக்கிப் பார்த்திருக்கிறார். சிவப்பு இன்னும் எடுப்பாக வந்ததாம், காய்ந்ததும் மங்கிவிட்டதாம். சோடா உப்பு ஆரஞ்சுப் பக்கம் இழுக்கிறது. வெண்காரத்தின் நிறம்தான் அவருக்கு மனதுக்கு நெருக்கம். "ஆறு மாசம் வெயில்ல நின்ன தோல் மாதிரி இருக்குதுங்கண்ணா" என்றார்.

பழைய படங்களைத் தகரப் பெட்டியில், கறுப்புத் தாளுக்குள் வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஒரு தறிக்காரரின் கை. இப்போது விரல்களின் ஓரக்கோடு மட்டும் மிச்சம். மாதம் ஒரு முறை அதே இடத்தில் கேமராவை வைத்து, அந்தப் படம் கரைவதைப் படமெடுத்து வரிசையாக ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவருடைய பரிசோதனைகளில் என்னை மிகவும் பாதித்தது அந்த வரிசைதான்.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் இணையத்தில் பகிர்வதைப் பாராட்டு தேடும் வேலை என்று சுருக்கிப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த வகைப் படத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. தாளில் உள்ளது போய்விடும் என்பது செய்யும்போதே தெரியும். பிறர் கண்ணில் படும்படி ஏற்றி வைத்தது மிஞ்சும். அதைவிட, எப்படிச் செய்தது என்ற குறிப்பு மிஞ்சும். படத்தை மட்டும் போட்டுவிட்டுச் செய்முறையை மறைத்துக்கொள்பவர்களை நான் பல குழுக்களில் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. ஹெர்ஷல் எழுதி வைக்காமல் போயிருந்தால் இந்த மாடியில் இன்று வடகம் மட்டும்தான் காய்ந்திருக்கும்.

ஏற்றுவதற்காகப் படத்தைப் படமெடுப்பதிலும் ஒழுங்கு வைத்திருக்கிறார். வெயிலில் இல்லை, வடக்குப் பார்த்த ஜன்னலின் நிழல் வெளிச்சத்தில். செல்பேசி தானாக நிறத்தைச் சரிசெய்ய விட்டால் இவ்வளவு மஞ்சளைப் பிழை என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. அதனால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நிறச் சமநிலையைக் கையால் பூட்டுகிறார். தாளின் நான்கு ஓரமும், தூரிகை விட்ட தடமும் தெரிய வேண்டும். ஃபில்டர் எதுவும் கிடையாது. ஃபிளிக்கரின் இலவசக் கணக்கில் ஆயிரம் படங்கள்தான் வைக்கலாம் என்பதால் எதை ஏற்றுவது என்று யோசித்தே ஏற்றுகிறார். இன்ஸ்டாகிராமில் ஊர்க்காரர்களுக்காகச் சில படங்கள் மட்டும்.

தேர்ந்தெடுக்கும் பழக்கம் ஊசித்துளைக் கேமராவிலிருந்து வந்தது என்கிறார். ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாள், 2001-லிருந்து நடக்கிறது. அன்று லென்ஸ் இல்லாமல் எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றை ஒருவர் அந்த நாளுக்கான இணையதளத்தில் சேர்க்கலாம். கேமராவின் மூடியில் துளையிட்டு, அதன்மேல் ஊசியால் குத்திய தகட்டை ஒட்டி இவரும் கலந்துகொள்கிறார். நாள் முழுக்க எடுத்ததிலிருந்து ஒன்றைப் பொறுக்குவது படம் எடுப்பதைவிடக் கடினம் என்றார்.

குறிப்புகளுக்குப் பதில் வருகிறது. வட ஐரோப்பாவிலிருந்து ஒருவர், அங்கே கோடையிலேயே மூன்று மணி நேரம் போதவில்லை என்று தன் பட்டைகளைக் காட்டியிருக்கிறார். பள்ளி ஆசிரியை ஒருவர், ஸ்பிரிட் இல்லாமல் குழந்தைகளை வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். சாறெடுப்பதைப் பெரியவர்கள் முடித்து, காயவைத்த தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்து இலை வைக்கச் சொல்லலாம் என்று இவர் பதில் எழுதினார். இலை, துணிப் படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார். பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம்.

மனித முகங்களுக்கு அந்த உரிமம் இல்லை. யாருடைய படமானாலும் அச்சை முதலில் அவர் கையில் கொடுத்துக் காட்டி, போடலாமா என்று கேட்ட பிறகே ஏற்றுகிறார். செல்பேசித் திரையில் காட்டிக் கேட்டால் யாரும் சரி என்றுவிடுவார்கள், தாளில் பார்த்தால்தான் யோசிப்பார்கள் என்பது அவர் அனுபவம். மஞ்சள் தரம் பிரிக்கும் ஒரு அம்மா வேண்டாம் என்றிருக்கிறார். பெட்டியிலேயே சிறந்த படம் அதுதான். எனக்குக்கூடக் கறுப்புத் தாளைப் பிரித்துக் காட்டவில்லை. ஏற்றும் முன் படக் கோப்பில் பதிந்திருக்கும் இட விவரத்தையும் நீக்கிவிடுகிறார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, காலையில் சட்டத்தில் நான் பார்த்த முகத்துக்குச் சொந்தக்காரர் வேலை முடித்து மாடியேறி வந்தார். காய்ந்த அச்சைத் தம்பி அவர் கையில் கொடுத்தார். பெரியவர் அதைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மூஞ்சி சரியா வந்துருக்குது. துண்டுதான் கசங்கிக் கெடக்குது. இத ஊருக்கெல்லாம் காட்டாத கண்ணு. நாளைக்கு நல்ல துண்டாக் கட்டிட்டு வாறன், இன்னொருக்கா எடு."

"சரிங்கய்யா" என்று சொல்லி, கணக்கு நோட்டை எடுத்து அந்தப் படத்துக்கு நேராக 'மறுபடியும்' என்று எழுதிக்கொண்டார் தம்பி.