லீட்டா ஹாலிங்வர்த்: கணக்கில் வராத பெண்கள்

1908இல் லீட்டா ஸ்டெட்டர் நெப்ராஸ்காவிலிருந்து நியூயார்க் சென்று ஹாரி ஹாலிங்வர்த்தை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டமும் பள்ளியில் கற்பித்த அனுபவமும் அவருக்கு இருந்தன. ஆனால் அந்நகரப் பள்ளிகள் மணமான பெண்களுக்கு ஆசிரியப் பணி தருவதில்லை. சமைத்தார், தைத்தார், கதைகள் எழுதினார். கதைகளை வாங்குவோர் இல்லை. 1911இல் கோகோ கோலா நிறுவனத்துக்காகக் காஃபினின் விளைவுகளைக் கணவர் ஆராய்ந்தார். லீட்டாவும் அதில் உடனுழைத்தார். அந்த வருவாயே அவருடைய மேற்படிப்புக்கு வழி திறந்தது.

அக்கால உளவியலில் ஒரு கருதுகோள் செல்வாக்குடன் இருந்தது. சராசரி அறிவில் இருபாலாரும் நெருங்கியிருந்தாலும் ஆண்களிடையே ஏற்றத்தாழ்வு மிகுதி. ஆகவே மேதைகளும் அறிவு வளர்ச்சி குன்றியோரும் ஆண்களிலேயே அதிகம். பெண்களோ நடுவில் திரள்கிறார்கள். இதிலிருந்து கல்விக் கொள்கைக்குத் தாவுவது எளிதாக இருந்தது. பெண்களை உயர் ஆராய்ச்சிக்குப் பயிற்றுவிப்பதால் பெரும் பயன் விளையாது என்று எட்வர்ட் தார்ண்டைக் 1906இல் வாதிட்டார். கொலம்பியாவில் லீட்டாவின் முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளராக வாய்த்தவரும் அவரே.

லீட்டா முதலில் சான்றுகளின் பிறப்பிடத்தைத் தேடினார். காப்பகங்களில் ஆண்கள் மிகுந்திருப்பது அக்கருதுகோளுக்கு வலுவான ஆதாரமாகக் காட்டப்பட்டது. 1913 முதல் அறிவுத்திறன் சோதனைகள் நடத்தும் பணியில் இருந்த அவர், அங்கே வந்து சேரும் பெண்கள் ஆண்களைவிட வயதில் மூத்தவர்களாக இருப்பதைக் கண்டார். போட்டி நிறைந்த வெளியுலகில் தடுமாறும் சிறுவன் விரைவில் கண்ணில் படுகிறான். அதே குறையுள்ள சிறுமி வீட்டு வேலை செய்தபடி பல்லாண்டுகள் யார் கவனத்துக்கும் வராமல் இருந்துவிடுகிறாள். மேதைகளின் பட்டியலுக்கும் இதே விளக்கம் பொருந்தியது. பிள்ளைப்பேறும் வீட்டுப் பணியும் மட்டுமே விதிக்கப்பட்டவர்கள் புகழ் பெறுவதற்குக் களம் எங்கே?

சூழலின் கை படுமுன் இயற்கை எப்படி இருக்கிறது என்றறிய, ஹெலன் மாண்டேகுவுடன் சேர்ந்து 1000 ஆண் சிசுக்கள், 1000 பெண் சிசுக்களின் உடல் அளவுகளை ஒப்பிட்டார். ஆண் சிசுக்கள் சராசரியில் சற்றுப் பெரியவை. ஏற்றத்தாழ்விலோ அவற்றுக்கு முன்னிலை இல்லை. இது 1914இல் வெளியாயிற்று. மாதவிடாய் நாள்களில் பெண்ணின் அறிவுத்திறன் குன்றும் என்ற நம்பிக்கையை அதே ஆண்டில் வெளியான அவருடைய முனைவர் பட்ட ஆய்வு சோதித்தது. 23 பெண்களையும் ஒப்பீட்டுக்காக 2 ஆண்களையும் சோதித்தும் அத்தகைய சரிவு தென்படவில்லை. 1916இல் பட்டம் பெற்றார். ஆசிரியர் கல்லூரியில் தார்ண்டைக்கே அவருக்குப் பணி தந்தார்.

அதன்பின் அவர் மீத்திறன் குழந்தைகளின் கல்விக்குத் தம்மை ஒப்படைத்தார். 1926இல் வெளியான அவரது நூல் அத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று. ஆனால் இக்கட்டத்தில் அவரது சிந்தனையில் ஒரு முரண் தெரிகிறது. அறிவுத்திறன் பெரும்பாலும் மரபுவழி வருவதென அவர் நம்பினார். இனமேம்பாட்டுக் கருத்துகளையும் ஆதரித்தார். பெண்களின் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று வாய்ப்பின் பக்கம் திரும்பிக் கேட்டவர், ஏழைக் குழந்தைகளின் மதிப்பெண்கள் ஏன் குறைகின்றன என்பதை அதே கூர்மையோடு கேட்கவில்லை.

1939இல் அவர் மறைந்தார். பாலின ஒப்பீட்டில் ஈடுபடும் ஆய்வாளருக்கு அவரது வாழ்க்கை இரு பாடங்களை விட்டுச் சென்றிருக்கிறது. அட்டவணையில் உள்ள எண்களைக் கூட்டுமுன் அதில் இடம்பெறாதவர்கள் யார் என்று கேட்க வேண்டும் என்பது முதலாவது. அக்கேள்வியைத் தன் அனுபவம் எட்டாத மனிதர்களுக்காகவும் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதைத் தம் உழைப்பால் கற்பித்தார். இரண்டாவதை அவரது வரம்பிலிருந்து நாம் கற்க வேண்டியிருக்கிறது.