பதின்மூன்று சதவீதம்

கடையில் விலை தவறினால் நஷ்டம் நம்முடையதாகத்தான் இருக்கும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். நமக்கு லாபமாக முடிந்த ஒரு தவறு நம்மைத் தலைகுனிய வைத்த விஷயத்தை நேயர்களுக்குச் சொல்லவேண்டும்.

2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி, நவராத்திரி தொடங்கிய அன்றே, சரக்கு சேவை வரியும் குறைந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிற்று. பள்ளிக்கூட நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லாமற் போயிற்று. ஆனால் கடைகளில் இருந்ததோ பழைய விலை அச்சிட்ட சரக்கு. அதன்மேல் புது விலையைச் சீட்டாக ஒட்டலாம், பழைய விலையை மறைக்கலாகாது என்று சர்க்கார் அனுமதித்தார்கள். உறையில் ஒரு விலை, சீட்டில் ஒரு விலை, அலமாரி அட்டையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று எங்கள் காரைக்குடியிலும் நாலு விலைகள் கைகோத்து உலாவின.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு இல்லாளுடன் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தோம். 236 ரூபாய் சோப்புக் கட்டின் கீழே, "புது விலை 205" என்று கையால் எழுதிய அட்டை. பணம் கட்டும் இடத்தில் யந்திரம் 210 என்றது.

"அட்டையில் எழுதின விலைதானே நியாயம்?" என்றாள் இல்லாள். பின்னால் நின்றவர்கள் ஆமோதித்தார்கள். நாமும் நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை நினைவூட்டினோம். குரல் சற்று உயர்ந்திருக்கலாம், வகுப்பறைப் பழக்கம்.

முதலாளி வந்தார். "சார் சொல்வது சரி, 205-க்கே கொடு. இந்த அட்டையால் போகிற பணமெல்லாம் எழுதினவன் சம்பளத்தில்!" என்றார்.

எழுதின பையன் தலைகுனிந்து நின்றான். பார்த்தால், சில வருஷங்களுக்கு முன் நம்மிடம் கணக்குப் படித்தவன்!

"205 எப்படியப்பா வந்தது?" என்றோம்.

"பதினெட்டு அஞ்சாச்சு சார். மிச்சம் பதிமூணு. 236-லே நூத்துக்குப் பதிமூணு கழிச்சேன்."

ஊரில் பலர் போட்ட கணக்கு அது. ஆனால் யந்திரந்தான் சரி. அந்த 236-இல் மூல விலை 200, வரி 36. மூல விலை மாறாவிட்டால் புது வரி 10, ஆக 210. வரி ஏறுவது மூல விலைமேல். பையன் கழித்ததோ வரியும் சேர்ந்த விலையிலிருந்து. உண்மையில் குறைந்தது ஏறக்குறைய 11 சதவீதந்தான். இதை ஒரு நாளாவது கரும்பலகையில் போட்டுக் காட்டினோமா? கூட்டு வட்டியை வாரக்கணக்கில் நடத்தினோம். கடைப் பில்லை நடத்தவில்லை.

"210-ஏ வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையைச் சரிபார்க்காதது கடையின் தவறு. கணக்கைச் சொல்லிக் கொடுக்காதது நம் தவறு. பையன் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்" என்றோம். முதலாளி சற்று யோசித்து, "சரி சார்" என்று சொல்லி, அட்டையைத் தாமே எடுத்து வந்து கிழித்துப் போட்டார்.

கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் அறியாதவர்கள் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அந்தப் பட்டினமே தங்கள் பூர்விகம் என்பது எங்கள் பக்கத்து நகரத்தார் வழக்கு. விற்கிறவருக்குச் சொன்ன அந்த நியாயம் வாங்குகிறவருக்கும் பொருந்தாதா?

"இருந்தாலும் அந்த ஐந்து ரூபாய் நம்முடையது" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள் இல்லாள். அதுவும் வாஸ்தவந்தான்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் முதல் கணக்காக அந்தச் சோப்பைப் போட்டோம். பெரும்பாலோர் 205 என்றே எழுதினார்கள். அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம்.