ஓட்டியிடம் கேட்ட கேள்விகள்

கனடாவில் நான் வசிக்கும் கல்கரி நகரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் 'போ'. அதன் கரையில் வளர்ந்தவற்றைக் கொண்டு பழங்குடி மக்கள் வில் செய்ததால் வந்த பெயராம். எனக்கோ பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் யாரோ 'போ, போ' என்று கலைப்பது போலிருக்கும். 2006இல் இங்கு வந்ததிலிருந்து பாலத்தால் போய் வந்திருக்கிறேனே தவிர, அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை.

2024இல் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் ஒரு பரிசு தந்தாள். ஒரு நாள் முழுவதும் படகில் ஆற்றோடு மிதந்து தூண்டில் போடுவது. ஓட்டி ஒருவர் கூட வருவார். இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈயைப் போலச் செய்து வீசி மீனை ஏமாற்றும் தூண்டில் இது. பிடிபடுவது ட்ரவுட் மீன். அதில் ஓரினம், 1925இல் மீன் குஞ்சுகளை ஏற்றிவந்த லொறி வழியில் பழுதாக, ஆற்றில் விடப்பட்டுப் பெருகியதாகச் சொல்வார்கள். எங்களைப் போல வந்து தங்கியதுதான். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்றதும் சாவகச்சேரியிலிருந்து அம்மா, "விடுறதுக்கு ஏன் பிடிக்கிறியள்? அதுக்குக் காசும் குடுத்தே?" என்றார். பிறகு மெதுவாக, "வள்ளத்திலை ஏறுவியோ பிள்ளை?" என்று கேட்டார்.

1993இல் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. விளக்கில்லை. வள்ளம் நிறையச் சனம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் செல்லும் என்று எவரும் ஓட்டியிடம் கேட்கவில்லை. அதன்பின் நான் எந்த வள்ளத்திலும் ஏறியதில்லை. வாசிக்கும் உங்களில் பலருக்கும் அப்படியொரு வள்ளம் இருக்கும்.

இம்முறை கேட்பதென்று முடிவு செய்தேன். கொப்பியில் கேள்விகளை எழுதிவைத்து ஓட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தாள்.

நீந்தத் தெரியாது என்பதையே முதலில் சொன்னேன். மிதவை அங்கி தருவதாகச் சொன்னார். எனக்குச் சின்ன அளவு வேண்டும் என்றேன். பெரியது தண்ணீரில் தலைக்கு மேல் கிளம்பிவிடும். குறித்துக்கொண்டார். படகின் அடி தட்டையாம். ஓட்டி நடுவில், ஆறு போகும் திசையைப் பார்த்தபடி இருந்து, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலித்து வேகத்தைக் குறைப்பாராம். போவதற்கல்ல, மெதுவாகப் போவதற்கு வலிக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மலைப்பனி கரைந்து வரும் ஆனி வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிவதால் ஆடிக் கடைசி நல்லது, நீர்மட்டம் கூடினால் பயணத்தைப் பின்போடுவோம் என்று தானாகவே சொன்னார்.

கடைசிக் கேள்வியை மகள் கேட்க விடவில்லை, கேட்டேன். எட்டு மணித்தியாலத்தில் மலசலகூடத்துக்கு எங்கே போவது? அந்த மனிதர் சிரிக்கவில்லை. சொன்னவுடன் கரை ஒதுக்குவேன், பற்றை மறைவுண்டு, நான் மற்றப் பக்கம் பார்த்து நிற்பேன் என்றார். இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமலிருந்து வெயிலில் மயங்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

பருத்தி உடுப்பு நனைந்தால் குளிரும் என்பதால் கம்பளிச் சட்டை, மழையங்கி, தொப்பி எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி கட்டாயம்: தண்ணீரின் மினுக்கத்தைக் குறைத்து மீனைக் காட்டும், வீசும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். மீன்பிடி அனுமதிப்பத்திரமும் வாங்கினேன்.

மூன்று வாரம் பின்னேரங்களில் பூங்காப் புல்லில் வீசிப் பழகினேன். நுனியில் முள்ளுக்குப் பதில் மஞ்சள் கம்பளி நூல். தடியைப் பின்னே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, நூல் முழுதாக நீண்ட பிறகே முன்னே வீச வேண்டும். அந்த ஒரு கணம் பொறுக்கத்தான் எனக்கு நாட்கள் பிடித்தன. நாயோடு வந்த கிழவர் ஒருவர், "இங்கே மீன் உண்டா?" என்று கேட்டுப் போனார்.

முதல்நாள் இரவு ஓட்டியிடமிருந்து செய்தி வந்தது: தண்ணீர் தெளிவு, காற்று குறைவு, சின்ன அங்கி படகில் ஏற்றியாயிற்று.

காலை ஏழு மணிக்கு ஏறினோம். கரை விலகியதும், "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன். துடுப்பை நேரே குத்திக் காட்டினார். இடுப்பளவு.