கோமாளி மாலுமியின் ஊர்

புனித சின்னப்பர் கப்பலுடைந்து கரையேறிய மால்டா தீவின் வடமேற்கில், மெல்லீஹா நகரிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில், செங்குத்துப் பாறைகளுக்கிடையே ஒரு சிறு குடா உளது. மேட்டில் நின்று நோக்கிய நமக்கு, கோணலும் மாணலுமாய் நின்ற மரவீடுகள் மீனவர் குடியிருப்பெனவே தோன்றின. ஆனால் அங்கு எம்மீனவரும் வாழ்ந்ததில்லை. 'பாப்பாய்' எனும் கோமாளி மாலுமியைப் பற்றி 1980-ல் வெளிவந்த திரைப்படத்திற்காக, ஹாலந்திலிருந்து மரம் தருவித்து, ஏழு மாதங்களில் எழுப்பிய ஊர் அது.

பாப்பாயை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஒற்றைக் கண், புகைக்குழாய், புடைத்த முன்கை, கொச்சைப் பேச்சு, கீரை. கதைமாந்தர் கடற்பயணம் செல்ல ஒரு மாலுமி தேவைப்பட்டதால், அமெரிக்க ஓவியர் சீகர் 1929 ஜனவரியில் தம் செய்தித்தாள் சித்திரத் தொடரில் அவனைக் கொணர்ந்தார். பயணம் முடிந்ததும் அனுப்பியும் விட்டார். வாசகர்கள் விடவில்லை. திரும்பி வந்தவன் தொடருக்கே தலைவனானான்!

இக்கோலம் நமக்கு நகைப்பு; உண்மை மாலுமிக்கோ வெயிலும் உப்பும் கயிறும் உடலில் விட்ட வடு. குடித்துக் கிடக்கும் மாலுமியை எள்ளும் பழைய ஆங்கிலப் பாட்டுங்கூட, பாய்மரக் கப்பலில் கயிறிழுத்த மாலுமிகளே பாடியது. தம்மைத் தாமே நகைத்து அவர்கள் களைப்பாறினர் போலும். கரையிலிருந்து நகைக்கும் நமக்கு அவ்வுரிமை உண்டோ?

படப்பிடிப்பின்போது கடலுக்கு அஞ்சி, குடாவில் அலைதடுப்புச் சுவரும் கட்டினராம். நாம் நின்ற வேளையில், பாப்பாய் வேடமிட்ட இளைஞரைச் சூழ்ந்து குழந்தைகள் ஆர்ப்பரித்தனர். குடாவுக்கு அப்பால் ஒரு சிறு படகு அலையில் எழுந்தும் தாழ்ந்தும் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதை எவரும் பார்க்கவில்லை.