பெஞ்சுக்கு அடியில்

போன மாசம் எங்க டவுனில் ஒரு கூட்டம் நடந்தது. கடைத்தெருவை மாற்றி அமைக்கப் போகிறார்களாம். அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. தாமிரபரணிக்குத் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர். பெயர் வேண்டாம். நான் சொல்லப் போவது ஆற்றின் இரு கரையிலும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் சங்கம், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். 'சமூக ஆர்வலர்' என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவள், மைக்கில் பேசத் தெரிந்தவள், கணக்குக்கு ஒரு ஆள்.

சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நல்ல பிள்ளை. நன்றாகவே பேசினார். தெரு வண்டிக்கு இல்லை, மனுசருக்கு என்றார். அகலமான நடைபாதை, நிழலுக்கு வேம்பும் புங்கும், மழைத்தண்ணி மண்ணில் இறங்க வழி, மிதிவண்டிக்குத் தனிப் பாதை, உட்கார பெஞ்சு. வெறும் போக்குவரத்து வழியாகக் கிடக்கிற தெருவை, சனங்கள் நின்று பேசி இளைப்பாறுகிற இடமாக மாற்றுவதற்கு 'பிளேஸ்மேக்கிங்' என்று பேர் சொன்னார். இதெல்லாம் தன் இஷ்டத்துக்குச் சொல்வது இல்லை என்றும் விளக்கினார். 2006இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே வாகனத்தைவிட மனிதரின் போக்குவரத்துதான் முக்கியம் என்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, நடைபாதையில் தடங்கல் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறந்தார்கள். திருநெல்வேலியும் 2017இல் பொலிவுறு நகரப் பட்டியலில் சேர்ந்த ஊர்தான்.

எனக்கு இதில் எதற்கும் மறுப்பு இல்லை. ஆனால் அந்தப் படத்தில் வரைந்திருந்த மனுசரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கைத்தடி ஊன்றிய பெரியவர் இருந்தார். பலூன் பிடித்த குழந்தை, சக்கர நாற்காலியில் ஒரு பெண், காதல் ஜோடி, பூக்காரம்மா, ஒரு நாய்கூட இருந்தது. வாரியல் பிடித்த கை ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அத்தனை சுத்தமான தெரு எப்படி வந்தது?

எங்கம்மா அந்தக் கடைத்தெருவைக் கூட்டியவள். அவளுக்கு முன்னாடி எங்க ஆச்சி கூட்டினாள். நாங்கள் அருந்ததியர். ஊர்க்காரர் வாயில் எங்களுக்கு வேறு பெயர். விடியக்காலை நாலரைக்கு மேஸ்திரியிடம் பேர் கொடுக்கணும். அஞ்சு மணிக்குத் தெருவில் இருக்கணும். ரெண்டு தகரத் துண்டு, ஒரு கூடை, நீளக் கம்பு கட்டின வாரியல். கடைக்காரர்கள் கதவைத் திறக்கும்போது தெரு துடைத்துப் போட்ட மாதிரி இருக்கும். அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கூட்டிய தெருவில் கால் வைக்கிறதுதான் அவர்களுக்கு நல்ல சகுனம்.

அந்தத் தெருவைப் பற்றி எந்த இஞ்சினியருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரியும். ஐப்பசி அடைமழையில் எந்தக் கடை முன்னால் தண்ணி தேங்கும், எந்தக் கல் ஆடும், பங்குனியில் எந்த முக்கில் வேப்பஞ்சருகு வந்து குவியும், எந்தச் சந்தில் லைட் எரியாது, எந்தச் சுவரில் ஆம்பளைகள் ஒண்ணுக்குப் போவார்கள், எல்லாம் சொல்லுவாள். தெருவின் மேடு பள்ளம் அவள் முதுகுக்குத் தெரியும். முப்பது வருசத்துக்கு மேல் குனிந்த முதுகு.

எனக்கு ஆறு வயசு இருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் அவளோடு போயிருந்தேன். டீக்கடைக்குப் பக்கத்தில் வேப்பமரம். மரத்தடியில் யாரோ ஒரு புண்ணியவான் உபயமாகப் போட்ட கல்பெஞ்சு. எட்டு மணிக்கு அம்மா சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று டீ வாங்கினாள். அவளுக்கு என்று கம்பியில் தொங்குகிற கிளாஸ் தனி. எனக்குக் கால் வலித்தது. ஓடிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏற்கனவே ரெண்டு பேர் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒண்ணும் சொல்லவில்லை. டீக்கடைக்காரரும் ஒண்ணும் சொல்லவில்லை. யாரும் சொல்லுமுன்னே, "எந்திரிட்டி!" என்று எங்கம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். கையிலிருந்த டீ அவள் சேலையில் கொட்டியது.

இதைத்தான் நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது திட்டியிருந்தால், அடித்திருந்தால், வழக்குப் போட்டிருக்கலாம். எழுதியிருக்கலாம். யாருமே ஒண்ணும் சொல்லவில்லையே! சொல்ல வேண்டியதை எங்கம்மாவுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பெஞ்சு எல்லாருக்கும் பொது என்று பலகை எழுதி வைத்திருந்தாலும் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

கூட்டத்தில் எனக்கு மைக் வந்தபோது நான் சட்டம் பேசினேன். ரெட்டமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம், பொதுக்கிணற்றை யாரும் பயன்படுத்தலாம் என்று அரசைச் சொல்ல வைத்தார். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் சேர்த்துச் சொல்லுகிறது. அதற்குப் பிறகும் என்ன நடந்தது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினபோது, பொது இடத்தில் நாங்கள் செருப்புப் போடுவதையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுத்தால் குற்றம் என்று ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26இல் அது நடைமுறைக்கு வந்தது. மிதிவண்டிக்குத் தனிப் பாதை போடுகிறீர்கள், சரி. இந்த ஊரில் யார் எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று உங்கள் கணக்கெடுப்பில் கேட்டீர்களா?

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "அதெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு? நம்ம நெல்லையப்பர் கோயில் ரதவீதியப் பாருங்க, உலகமே பாடம் படிக்கணும்" என்றார். உண்மைதான், நாலு ரதவீதியும் தேர் திரும்புகிற கணக்குக்கு அமைந்த வீதி. ஆனித் தேரோட்டத்தில் ஊரே அங்கே நிற்கும். ஆனால் நம் கோயில் ஊர்களின் அமைப்பில் கோயிலைச் சுற்றி யார் வீடு, அதற்கு அடுத்து யார் வீடு, வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி யார் வீடு என்பதும் சேர்ந்துதானே இருக்கிறது? அதை வரைந்தவர்களும் திட்டமிட்டுத்தான் வரைந்தார்கள். தேர் போன பிறகு வீதியைக் கூட்ட மட்டும் நாங்கள் வரணும்.

1.8 மீட்டர் என்றால் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பகுதியில் எங்க வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவே அந்த அகலம் கிடையாது. கடைத்தெரு நடைபாதைக்கே இவ்வளவு வேண்டும் என்று விதி சொல்லுகிறது. எங்கள் முழுத்தெருவும் அதைவிடக் குறுகல். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அக்டோபரில் தெருப்பெயர்களில் இருக்கிற சாதியை நீக்க அரசாணை வந்தது. வரவேற்கிறேன். பெயர் மாறட்டும். அகலமும் மாற வேண்டாமா?

தெருவில் எங்கள் சனம் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு ஒன்பது வயசிலேயே தெரியும். 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் கிடந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. சாலையில் நிற்க வழியில்லாமல் ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் பிணமானார்கள், ஒன்றரை வயசுக் குழந்தை உட்பட. அன்று ராத்திரி எங்கள் பகுதியில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஒவ்வொரு வருசமும் அதே நாளில் ஆற்றில் பூப்போடுகிறார்கள். தெருவை 'இடம்' ஆக்குவது என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கரைதான்.

இது பழைய கதை என்று தள்ள முடியாது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன்னால், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பதிமூன்றாம் நாள், நடைபாதையை மறிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. நடைபாதையைக் கூட்டலாம், அதில் உட்காரக் கூடாது. எங்கம்மா டிவியில் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

இவ்வளவையும் நான் கூட்டத்தில் சொன்னேன். சிலர் கை தட்டினார்கள். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்தத் தம்பி மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டார். பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அஞ்சு வருசம் ஆகிறது. முட்டி போய்விட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கக்கூஸ் வரைஞ்சிருக்கானா?"

எனக்குத் திக்கென்றது. படத்தில் கக்கூஸ் இல்லை. நானும் கேட்கவில்லை. முப்பது வருசமும் விடியக்காலையிலிருந்து மதியம் வரை எங்கம்மா தண்ணி குடிக்காமல் வேலை பார்த்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீயையும் பாதிதான் குடிப்பாள். அவளுக்கு டீ பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை நான். அரசியல் சட்டத்தின் பிரிவு தெரிந்த எனக்கு அம்மாவின் மூத்திரப்பை தெரியவில்லை.

அன்று ராத்திரி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைத்தெருவின் ரெண்டு முனையிலும் பொம்பளைகளுக்குக் கக்கூஸ், அதுவும் காலை அஞ்சு மணிக்குத் திறந்திருக்கணும். கை கால் கழுவக் குழாய். சேலை மாற்றவும் வாரியல், கூடை வைக்கவும் பூட்டுப் போட்ட ஓர் அறை. சாக்கடை மூடியைக் கையால் தூக்காதபடி இருக்கணும். இந்த வரியை அவள் சொன்னபோது குரல் மாறியது, நான் ஏன் என்று கேட்கவில்லை. குப்பைத்தொட்டி இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

கடைசியில் நான் ஒன்று சேர்த்தேன். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைக்கிற குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்கணும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தாழ்த்தப்பட்டோருக்கும் உரிய இடம் தரணும் என்று சட்டமே சொல்கிறது. தெருவில் விற்பவருக்கு அப்படி ஓர் இடம் உண்டு என்றால், தெருவைக் கூட்டுகிறவருக்கு ஏன் இல்லை? தெருவை வடிவமைக்கிற ஒவ்வொரு குழுவிலும் தூய்மைப் பணியாளர்கள் உறுப்பினராக இருக்க வேண்டும், நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தப் பணியாளரும். கூட்டமும் அவர்கள் வேலை நேரத்தில் நடக்கக் கூடாது.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். "பெஞ்சு போடுறாம்னு சொன்னியே" என்றாள் அம்மா. "அதுக்கு அடியில வாரியல் போற மாதிரி ஒசத்திப் போடச் சொல்லு. குப்பையெல்லாம் அங்கனதான் போயிச் சேரும்."

"நீ உக்கார மாட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குட்டி? கூட்டுதவளுக்குச் சொன்னேன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். அதற்குக் கீழே, கூட்டுகிறவர் உட்காருவதற்கும் என்று நானாக ஒரு வரி எழுதினேன். மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வந்தால் இந்தப் பக்கங்களிலேயே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படிக் கூட்டம் நடக்கும், தோழர்களே. போகும்போது வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போனேன்.