நின்றவுடன்

‘அலாரம் நின்றவுடன் அனைவரும் அறையை விட்டு வெளியேற வேண்டும்.’

2012-ல் சிங்கப்பூரில் ஒரு தொழிலாளர் விடுதியின் மாடிப்படி ஓரம் இந்த வரி ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவன் நான். ஆங்கிலத்தில் இருந்தது ‘கோஸ் ஆஃப்’. அலாரம் அடித்தவுடன் வெளியே ஓடு என்று அர்த்தம். நான் எழுதியதைப் படித்தவன், கட்டடம் எரிந்தாலும் மணி ஓயட்டும் என்று உட்கார்ந்திருப்பான்.

எழுதும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. இங்கே ‘ஆஃப்’ நாள் முழுக்க நம் வாயில் புழங்கும் சொல். ஃபேனை ஆஃப் பண்ணு என்போம். ஞாயிற்றுக்கிழமை ஆஃப் கிடைத்தால் லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா போவோம். சாயங்காலம் சீன ஃபோர்மேன் ‘ஐ கோ ஆஃப் ஃபர்ஸ்ட்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. அலாரமும் அப்படித்தான் என்று எழுதிவிட்டேன். பக்கத்து மேசையில் இங்கேயே பிறந்து படித்த தமிழ்ப் பெண் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்பவன், படித்தவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகக் கேட்கவில்லை.

தீயணைப்பு ஒத்திகை நடந்த இரவு மணி அடித்தது. பங்களாதேஷ் தொழிலாளர்கள் கைலியோடு இறங்கி வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். தமிழ் ஆட்கள் இருந்த மூன்றாவது மாடியிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் மேலே ஓடினேன். ஒரு அறையில் பதினொரு பேர் சட்டை போட்டு, வேலை பர்மிட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ரூம் லீடர் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி. கதவருகே நின்று கையை நீட்டி எல்லாரையும் தடுத்துக்கொண்டிருந்தான். “இருங்கண்ணே, இன்னும் நிக்கல” என்றான் என்னிடம்.

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. வயிறு கலங்கியது.

கீழே மேலாளர் கேட்டார், ஏன் இவர்கள் வரவில்லை என்று. “சொன்னா கேக்க மாட்டாங்க சார்” என்றேன். இதுதான் நான் செய்த குற்றம். தெரியாமல் எழுதியதை யாரும் மன்னிப்பார்கள். தெரிந்து சொன்ன இந்தப் பொய்க்கு அந்தத் தம்பி எச்சரிக்கைக் கடிதம் வாங்கினான். ஆங்கிலக் கடிதம். அதில் இருந்ததை அவனுக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான். ‘அறிவிப்பை மீறியதற்காக’ என்று வாசித்தேன். “அதுல போட்டிருந்ததத்தானேண்ணே செஞ்சோம்” என்றான். நான் பதில் சொல்லாமல் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன்.

பிறகொரு ஞாயிறு தேக்காவிலிருந்து நடந்தே விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். துப்பாக்கி சுடுவது, குண்டு வெடிப்பது, பால் கெடுவது, விளக்கு அணைவது, மணி அடிப்பது எல்லாமே ‘கோ ஆஃப்’. முதலில் கோபம் வந்தது, இது என்ன மொழி என்று. யோசிக்க யோசிக்க ஒழுங்கு தெரிந்தது. இருக்கும் நிலையிலிருந்து விலகுவதுதான் ஆஃப். எரியும் விளக்கு விலகினால் இருட்டு, சும்மா இருந்த மணி விலகினால் சத்தம். நம் ‘விடு’ மட்டும் என்னவாம்? மழை விட்டது என்றால் நின்றது. ஊருக்குப் புது பஸ் விட்டார்கள் என்றால் ஓட ஆரம்பித்தது. எங்கள் சைட்டில் தமிழ் கற்றுக்கொண்ட ஒரு பங்களாதேஷ்காரர் இதே ‘விட்டது’ புரியாமல், கொஞ்சமும் வெட்கப்படாமல் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார். அவருக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லை.

2014-ல் லாவ் பா சாட் உணவங்காடிக்கான ஒரு பலகையில் ‘சாட்’ என்பதைச் சனிக்கிழமை என்று எடுத்து ‘லாவ் பா சனி’ என்று தமிழில் போட்டிருந்தார்கள். படம் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. நான்கில் ஒன்றாக நம் மொழியை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாட்டில் இப்படியா என்று எல்லாருக்கும் வருத்தம். தேக்காவில் டீ குடித்துக்கொண்டு நானும் உரக்கப் பேசினேன், ஒரு தமிழனிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று. பேசிவிட்டு டீயை முடிக்க முடியாமல் எழுந்து போனேன். அந்தப் பலகையால் ஒருவர் உயிருக்கும் ஆபத்தில்லை. என் தாளால் இருந்தது.

தம்பியின் பர்மிட் மறு ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ஃபைலில் அந்தக் கடிதம் இருந்தது. அவன் விமானம் ஏறிய நாள் எனக்கு ஆஃப்தான். வழியனுப்பப் போகவில்லை.

ஒத்திகை முடிந்த இரவு, எல்லாரும் தூங்கிய பிறகு, பழைய தாளைக் கிழித்துவிட்டு ‘அலாரம் ஒலித்தவுடன்’ என்று அடித்த புதுத் தாளை ஒட்டியிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். விடியற்காலை நாலரைக்கு, குளிக்கப் போகிற வழியில், அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளின் முன் நின்றான். ‘ஒலித்தவுடன்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஓட்டினான். திரும்பி என்னைப் பார்த்தான்.

“இப்ப சரியா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான்.