நடுவில் ஒரு பேரேடு

"ஏனுங் தம்பி, பேங்குல விழுந்த பணத்த அப்படியே விற்பனைன்னு எழுதிட்டா முடிஞ்சுதுங்ளே?"

சென்னிமலையில் பெட்ஷீட் விற்கும் முதலாளி ஒருவர், நான் கணக்கு எழுதப் போன முதல் நாளே இப்படிக் கேட்டார். மகன் ஆன்லைனில் விற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. கடைக் கல்லாவைப் பொறுத்தவரை அவர் கேட்டது நியாயம்தான். அங்கே விற்றதும் வந்ததும் ஒரே தொகை.

ஒரே ஒரு பெட்ஷீட்டை எடுத்து அவருக்கு எழுதிக் காட்டினேன். பில் 1,050 ரூபாய்: சரக்கு 1,000, ஜிஎஸ்டி 50. விற்றுத் தரும் ஆன்லைன் தளத்தின் கமிஷன் 150 என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27. கூரியருக்கு 60, அதற்கு வரி 10.80. தளம் பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் அரை சதவீதம், 5 ரூபாய். வருமான வரிக்கான டிடிஎஸ் 0.1 சதவீதம், 1 ரூபாய். எல்லாம் போக வங்கிக்கு வருவது 796.20.

அதையே விற்பனை என்று எழுதினால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் நம் விற்பனை குறைந்து நிற்கும். தளமோ 1,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றதாக அரசுக்குச் சொல்லியிருக்கும். நோட்டீஸ் வருமே என்ற பயம் ஒரு பக்கம். எனக்கு அதைவிட உறுத்துவது, கமிஷனுக்கும் கூரியருக்கும் கட்டிய வரியான 37.80-ஐயும் பிடித்தம் போன 6 ரூபாயையும் கேட்காமலே விட்டுவிடுகிறோமே என்பதுதான். ஒரு பெட்ஷீட்டுக்கு 43 ரூபாய் 80 காசு. அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை, டீ சொன்னார்.

கணக்கு மென்பொருளான டேலியில் தளத்தின் பெயரில் ஒரு லெட்ஜர் திறந்தேன். நமக்குப் பணம் தரவேண்டிய பார்ட்டி அது, அவ்வளவுதான். ஒவ்வொரு பில்லும் முழு 1,050-க்கு அங்கே பற்று. கமிஷன், கூரியர், பிடித்தங்கள், வங்கியில் விழுந்தது எல்லாம் அங்கேயே வரவு. எந்த நாளில் திறந்தாலும் அதில் நிற்கும் பாக்கி, இன்னும் பணம் வராத பில்களின் கூட்டுத்தொகைதானா என்று பார்ப்பேன். இல்லையென்றால் அன்று வேறு வேலை ஓடாது. புரியாததையெல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போன காலமும் எனக்கு உண்டு.

தளம் தரும் விற்பனை ஷீட்டை டேலிக்குள் ஏற்ற விலைக்கு மென்பொருள்கள் கிடைக்கின்றன. நான் பயன்படுத்துவது நானே கட்டிய எக்செல் ஷீட். அது எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தரும். ஒருமுறை ஒரே வாரத்தை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன். முதலாளிக்கு அந்த மாதம் தீபாவளி மாதிரி தெரிந்தது. அன்றிலிருந்து பில் எண்ணையே வவுச்சர் எண்ணாகக் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் டேலி மறுக்கும்படி வைத்திருக்கிறேன். ஆர்டர் எண் இதற்கு உதவாது. ஒரு ஆர்டர் இரண்டு பார்சலாகப் போனால் பில்லும் இரண்டாகும்.

மாநிலப் பெயர் இன்னொரு தொல்லை. பார்சல் கோயம்புத்தூருக்குப் போனால் வரி இரண்டாகப் பிரியும்; பெங்களூருக்குப் போனால் முழுதும் ஐஜிஎஸ்டி. புதுச்சேரி பக்கத்தில் இருந்தாலும் கணக்கில் வெளி மாநிலம்தான். ஷீட்டில் அது ஒரு வரியில் பாண்டிச்சேரி, அடுத்த வரியில் புதுச்சேரி. இதற்காகவே ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறேன்.

ஆனால் எந்த ஷீட்டாலும் சொல்ல முடியாத ஒன்று ரிட்டர்ன். மார்ச் 29-ல் விற்றது ஏப்ரலில் திரும்பினால் கிரெடிட் நோட்டு புது வருஷத்தில் விழும். அது பரவாயில்லை, விதி இருக்கிறது. "திரும்பிவிட்டது" என்று தளம் எழுதிப் பணத்தைப் பிடித்துக்கொண்ட பெட்ஷீட் உண்மையிலேயே சென்னிமலைக்கு வந்ததா? அதைச் சொல்ல அந்த வீட்டு மருமகளின் நாற்பது பக்க நோட்டுதான் இருக்கிறது. பார்சல் வந்ததும் தேதி, ஆர்டர் எண், பிரித்துப் பார்த்ததில் துணி நல்லதா அழுக்கா என்று எழுதிவைப்பார்.

போன மாதம் கிரெடிட் நோட்டுகளை நோட்டோடு ஒத்துப்பார்த்தபோது மூன்று ஆர்டர் எண்கள் அதில் இல்லை. புகார் செய்ய நாள் கணக்கு உண்டு. இரண்டுக்குக் கேட்டு வாங்கினோம். மூன்றாவதற்குக் கெடு தாண்டியிருந்தது. அதை நஷ்டத்தில் எழுதச் சொன்னபோது முதலாளி, "அது என்ன கலருங்?" என்று மருமகளிடம் கேட்டார்.